இரண்டு முறை எழுதிய தண்ணீர்

விருதுநகரில் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை ஒன்றில் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கடைக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. குழாய் போட விரும்புகிறவர்களின் நிலத்துக்குப் போக வேண்டும். அங்கே எவ்வளவு தண்ணீர் கிடைக்கும், அவர்கள் நட நினைக்கிற பயிருக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவம் இல்லாமல் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அடியில் என் கையெழுத்து இருக்கும்.

எங்கள் வீட்டில் யாரும் விவசாயம் பார்த்தவர்கள் இல்லை. அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற மெஷினில் நின்றவர். என் மதிப்பெண்ணுக்கு வேளாண்மை டிப்ளமோதான் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன். ஆனால் நீர்க் கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. வெயில் இவ்வளவு இழுக்கும், செடி இவ்வளவு குடிக்கும், மழை இவ்வளவு கொடுக்கும், மிச்சத்தை நாம் பாய்ச்ச வேண்டும் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு எண் வரும். அந்த எண்ணைச் சொன்னதும் எதிரில் நிற்கிற விவசாயி என்னை விட இருபது வயது மூத்தவராக இருந்தாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். இருபத்தாறு வயதில் அது ஒரு போதை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒரு கணவன் மனைவியைப் பற்றி. ஆனைக்குட்டம் போகிற பாதையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். இருவருமே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கணவர் வெடிமருந்து கலக்கிற அறையில் இருந்தார். முதல்நாள் அவரைப் பார்த்தபோது நகக்கண்ணில் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம் இருந்தது. கை கழுவிக்கொண்டுதான் வந்திருந்தார், அது போகவில்லை. அந்த அக்கா வேறொரு கம்பெனியில் திரி ஏற்றுகிற வேலை. அவர்கள் இருவரின் பெற்றோரும் ஒரு காலத்தில் கூலிக்குப் போன நிலம், இரண்டு ஏக்கர், உடையவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது விலைக்கு வந்தது. இவர்கள் வாங்கிவிட்டார்கள். அதில் கொய்யா போட வேண்டும், காய்ப்புக்கு வந்ததும் இரண்டு பேரும் கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட வேண்டும் என்பது கணவரின் திட்டம். கடைக்கு வந்து இதைச் சொல்லும்போதே அவர் முகம் பாதி நிறுத்திவிட்டவர் முகமாகத்தான் இருந்தது.

நான் போனது ஒரு தை மாதம். அந்த வருடம் நல்ல மழை. ஆற்றில் இரண்டு வாரம் தண்ணீர் ஓடி, வாய்க்கால் வழியாகக் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் மறுகாலில் வழிந்து போயிருந்தது. கண்மாய்க் கரைக்குக் கீழே மூன்றாவது வயல் இவர்களுடையது. கிணறு இருபதடி அகலம், ஐம்பதடிக்கும் மேல் ஆழம். பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. வேம்பின் நிழல் அதில் அசையாமல் கிடந்தது.

கிணற்றை அளப்பது பெரிய வித்தை இல்லை. மோட்டாரை ஓட்டித் தண்ணீரை இறக்க வேண்டும். நிறுத்திவிட்டு, மணிக்கு எத்தனை அடி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஊறல் என்று பெயர். அந்த அளவுக் கிணற்றில் ஒரு அடி ஏறினால் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் லிட்டர். இரண்டு மணி நேரம் ஓட்டினோம். நிறுத்தி, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி இறக்கினேன். அரை அடி ஏறியிருந்தது.

"அரை அடி" என்றேன்.

"நல்லதா மேடம்?" என்றார் அவர்.

"ரொம்ப நல்ல ஊறல் அண்ணே. முந்நூறு மரம் வைக்கலாம், இன்னும் மிச்சம் இருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே திரும்பி மனைவியைப் பார்த்தார். அதுவரை அந்த அக்கா கிணற்று மேட்டில் கைகட்டி நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னார்.

"கம்மாயில தண்ணி கெடக்கு, அதான் ஊறுது. கம்மா வத்துனா இதுவும் வத்திரும் மேடம். நான் சின்னப்பிள்ளையில எங்க ஆத்தாகூட இதுல தூர் அள்ள வந்திருக்கேன். சித்திரையில. உள்ள எறங்கி நின்னா பாதம் நனையாது."

"ஏய், அது எந்தக் காலத்துல? மேடம் மெஷின வச்சுப் பாத்துட்டுச் சொல்றாக. நீ சும்மா இரு" என்றார் அவர்.

மெஷின் ஒன்றும் இல்லை. கயிறும் கல்லும்தான். அதை நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் அந்த அக்காவை அடக்கியது எனக்கு வசதியாக இருந்தது. மணி ஒன்று ஆகியிருந்தது. பசி. அதற்கப்புறம் மல்லாங்கிணறு பக்கம் இன்னொரு நிலம் பார்க்க வேண்டியிருந்தது. "கோடைக்குன்னு பாதியாக் குறைச்சுத்தான்க்கா எழுதுவேன், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தேன். அந்த அக்கா தலையாட்டிவிட்டு எனக்கு மோர் கொண்டுவரப் போனார்.

படிவத்தில் நீர் ஆதாரம் என்று இரண்டு வரிசை உண்டு. முதல் வரிசையில் ஆற்றுப் பாசனம் என்று எழுதினேன். கண்மாய் மடையிலிருந்து அந்த வயலுக்கு வருடத்தில் நாலு மாதம் தண்ணீர் வரும், அதற்கு ஒரு எண். இரண்டாவது வரிசையில் கிணறு, அதற்கு ஒரு எண். கோடைக்கென்று பாதியாகக் குறைத்தேன். பாதி என்பது எந்தக் கணக்கிலும் வந்தது இல்லை. எல்லாக் கிணற்றுக்கும் பாதிதான் போடுவேன். பிறகு இரண்டையும் கூட்டினேன். மரங்களுக்கு வேண்டியதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அந்த அக்கா சொன்னதற்கு அர்த்தம் என்ன என்பது எனக்குப் புரிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. ஆற்றுத் தண்ணீர்தான் கண்மாயில் கிடக்கிறது. கண்மாய்த் தண்ணீர்தான் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறுகிறது. நான் ஒரே தண்ணீரை ஆறு என்று ஒரு தடவையும் கிணறு என்று ஒரு தடவையும் எழுதிக் கூட்டியிருக்கிறேன். ஆறு வராத வருடம் இரண்டு வரிசையும் சேர்ந்தே காலியாகும். ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று நான் எழுதிக் கொடுத்த காகிதம் சொன்னது. அப்படி ஒரு நிலைமை அந்த வயலில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

குழாய் போட்டோம். கன்றுகள் வந்தன. அந்த அக்கா உடனே வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கன்றுகள் சின்னதாக இருக்கும்வரை தண்ணீர் அதிகம் தேவையில்லை. முதல் கோடை சுலபமாகக் கழிந்தது. இரண்டாவது வருடமும் ஓரளவு மழை, கண்மாய் முக்கால்வாசி நிறைந்தது. மரம் காய்த்தது. கணவர் ஒரு பையில் பழம் கொண்டுவந்து கடையில் கொடுத்தார். "இனிமே கம்பெனிக்குப் போகல மேடம். சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். பழம் நல்ல இனிப்பு. நகக்கண்ணில் அந்த மினுக்கம் இல்லை, மண் இருந்தது.

அவர் போன பிறகு கடை முதலாளி, "வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய் இந்தத் தோட்டத்தைக் காட்டும்மா, ஆர்டர் வரும்" என்றார். காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஆட்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். அந்த அக்கா எல்லாருக்கும் பழம் நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவிக் கொடுப்பார். அந்தத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பதினோரு பேர் எங்களிடம் குழாய் போட்டார்கள். எல்லாருடைய படிவத்தையும் நான்தான் எழுதினேன், அதே இரண்டு வரிசையோடு.

மூன்றாவது வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஐப்பசியில் நாலு தூறல், கார்த்திகையில் அதுவும் இல்லை. ஆற்றில் மணல்தான் தெரிந்தது. கண்மாயில் ஆடு மேய்ந்தது.

மாசிக் கடைசியில் எனக்கு ஒரு போன் வந்தது. அந்த அக்கா. அதற்கு முன் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் அவர் கணவர்தான் பேசுவார்.

"மேடம், கெணறு எறங்கிட்டே போகுது. ஒரு எட்டு வந்து பாக்குறீகளா?"

நான் கடையில் வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "மோட்டாரை ஒரே மூச்சா ஓட்டாதீங்கக்கா. காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்னு பிரிச்சு விடுங்க. அடுத்த வாரம் வர்றேன்" என்றேன்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். இருந்ததுதான். ஆனால் போகாததற்குக் காரணம் அது இல்லை. அங்கே என்ன பார்ப்பேன் என்று எனக்கு ஏற்கெனவே தெரிய ஆரம்பித்திருந்தது. போன் வந்த அன்று சாயங்காலம் பழைய படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். முதல் வரிசையையும் இரண்டாவது வரிசையையும் மாறி மாறிப் படித்தேன். நகலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நான் போகும்போது சித்திரை பிறந்துவிட்டது. காலை ஆறரைக்கே போய்ச் சேர்ந்தேன். மரங்கள் இலையைப் பாதி கொட்டியிருந்தன. மிச்ச இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. எலுமிச்சம்பழ அளவில் பிஞ்சுகள் உதிர்ந்து நடைபாதையெல்லாம் கிடந்தன. அந்த அக்கா மட்டும்தான் இருந்தார்.

"அண்ணன் எங்கக்கா?"

"கம்பெனிக்குப் போயிட்டாரு. திங்கக்கிழமையிலருந்து."

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு மூலையில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர். சுற்றிலும் பாறை. பக்கத்து வயல்காரர் தன் கிணற்றுக்குள்ளேயே துளை போட்டுப் பார்த்ததாகவும் தண்ணீருக்குப் பதில் பாறைப் பொடிதான் புகையாக வந்ததாகவும் அந்த அக்கா சொன்னார். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு மோட்டாரை நிறுத்தினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கயிற்றை இறக்கினேன். நடுவில் நாங்கள் இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவர் கம்மங்கூழ் கொடுத்தார். என் காலில் வெயில் படுகிறது என்று சாக்கை இழுத்துப் போட்டார். இவர் ஏன் என்னைத் திட்டவில்லை என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்குக் கடைசியாக இறக்கினேன். பத்து மணி நேரத்தில் இரண்டரை அங்குலம் ஏறியிருந்தது. ஒரு நாளைக்கு அரை அடி. நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர். காய்க்கிற மரத்துக்குச் சித்திரை வெயிலில் தினமும் ஐம்பது லிட்டர் வேண்டும். பிஞ்சையெல்லாம் உதிர்த்துவிட்டு, அடியில் இலைதழையை மூடாக்குப் போட்டு, உயிர் இருந்தால் போதும் என்று விட்டால் நாற்பத்தைந்தில் ஒப்பேற்றலாம்.

"நூறு மரம்க்கா" என்றேன். "நூறு மரத்தைத்தான் காப்பாத்த முடியும். முந்நூறுக்கும் பிரிச்சு விட்டா முந்நூறும் போயிரும்."

அவர் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு, "எந்த நூறு?" என்று கேட்டார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். எழுந்து நின்று சொன்னேனா உட்கார்ந்தபடி சொன்னேனா என்று நினைவில்லை. "அக்கா, நான் தப்பாக் கூட்டிட்டேன். ஆத்துத் தண்ணியவும் கெணத்துத் தண்ணியவும் வேற வேறன்னு எழுதிட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்."

"அதத்தான அன்னைக்குச் சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க."

"ஒங்களுக்கு வெளங்கலயாக்கும்னு நெனச்சேன்."

"விளங்கல. கேட்கவும் இல்லக்கா."

அவர் எழுந்தார். வீட்டுக்குப் போய்ப் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். பச்சைச் சேலை. அதைக் கிழித்துக் கிழித்து எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். எந்த மரத்தில் துணி கட்டுகிறாரோ அது இருக்கும். நான் கூடவே போனேன். தண்டு பருத்த மரம், கீழே ஈரம் நிற்கிற தாழ்வான பக்கம் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் பெரும்பாலும் நான் சொன்னபடியே கட்டினார். ஒரு இடத்தில் மட்டும் மேட்டில் நின்ற ஒரு மெலிந்த மரத்தில் கட்டினார். "இது வேண்டாம்க்கா, மேட்டுல ஈரம் நிக்காது, நிறையக் குடிக்கும்" என்றேன். "இருக்கட்டும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

பாதி கட்டியபோது கம்பெனி வேன் சத்தம் கேட்டது. அண்ணன் வந்தார். என்னைப் பார்த்து, "வாங்க மேடம்" என்றார், வழக்கம்போல. மரங்களில் தொங்கிய துணியைப் பார்த்தார்.

"இதெல்லாம் வெட்டுறதுக்கா?"

"இல்ல. வச்சுக்கிறதுக்கு" என்றார் அக்கா.

"அப்ப மத்தது?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "விட்டுரணும் அண்ணே."

அவர் வரப்பில் உட்கார்ந்தார். கையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மினுக்கம் திரும்பவும் விரலில் இருந்தது. கோபமில்லாமல்தான் சொன்னார். "அந்தக் காயிதத்த நம்பித்தான் மேடம் கம்பெனில சொல்லிட்டு வந்தேன். இப்பத் திரும்பப் போனா பழைய எடம் இல்லைங்கிறாங்க. லோடு ஏத்துற வேலதான். மருந்து ரூமுல ஆளு வராதப்ப அங்கயும் போகணும்."

"என் தப்புதான் அண்ணே" என்றேன்.

"நீங்க என்ன செய்வீக" என்றார். அந்த வார்த்தையை மரியாதைக்குச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பிறகு மனைவியின் கையிலிருந்து கொஞ்சம் துணியை வாங்கிக்கொண்டு எழுந்தார். இருட்டுவதற்குள் மூன்று பேருமாகக் கட்டி முடித்தோம்.

நூறில் எண்பத்திரண்டு மரம் பிழைத்தது. மற்றவற்றை ஆடி மாதம் விறகுக்கு வெட்டினார்கள். அந்த இடத்தில் இப்போது மழை பெய்தால் மக்காச்சோளம் போடுகிறார்கள், பெய்யாவிட்டால் சும்மா கிடக்கிறது. அந்த அக்காவும் சீசனில் நாலைந்து மாதம் கம்பெனிக்குப் போகிறார். பெரிய நஷ்டம் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். இதைவிட மோசமாகப் போனவர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் எங்காவது வெடிவிபத்து என்று போனில் செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது எந்த ஊர் என்பதைத்தான். வேறு ஊர் என்று தெரிந்ததும் வருகிற நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை. அங்கேயும் யாரோ ஒருவர் போயிருக்கிறார்.

மற்ற பதினோரு நிலத்துக்கும் அந்தக் கோடையிலேயே போனேன். நாலு பேருடைய கிணறு இதே மாதிரி கண்மாயை நம்பியிருந்தது. எழுதியது தப்பு என்று சொன்னேன். ஒருவர் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார். ஒருவர், இது தனக்கு அப்போதே தெரியும், மானியத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அதிலிருந்து சித்திரையில் அளக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். யார் அந்தக் கிணற்றில் இறங்கி வேலை பார்த்திருக்கிறார்களோ அவர்களைத் தேடிப்போய்க் கேட்டேன். பெரும்பாலும் பெண்கள். கண்மாய், கிணறு இரண்டில் ஒன்றைத்தான் எழுதினேன். எண்கள் சின்னதாயின, ஆர்டரும் குறைந்தது. "நீ எனக்கு வேல பாக்குறியா, எதிர்த்த கடைக்கு வேல பாக்குறியா?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார். அடுத்த வருடம் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். இப்போது ஒரு நாற்றுப் பண்ணையில் இருக்கிறேன்.

போன சித்திரையில் அந்த அக்கா கூப்பிட்டார். தங்கையை மல்லாங்கிணறு பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது, அவர்கள் எலுமிச்சை போடப் போகிறார்களாம், தண்ணீர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். என்னை ஏன் கூப்பிடுகிறார் என்று கேட்க வாய் வரவில்லை. போனேன். அந்த அக்காவும் ஒருநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை அளந்தேன். கரிசல் காடு, ஒரே ஒரு கிணறு, பக்கத்தில் கண்மாய்கூட இல்லை. மரப்பயிருக்குத் தண்ணீர் கிடையாது, பருத்தியோ குதிரைவாலியோ போடுங்கள் என்று சொன்னேன்.

தங்கைக்கு முகம் விழுந்துவிட்டது. "இதச் சொல்லவா இவுகள இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த?" என்று அக்காவிடம் கேட்டார். எனக்குக் காபி வந்தது, பேச்சு வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த அக்கா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். திரி மருந்தில் விரல் நுனிகள் கருத்திருந்தன. அவற்றைப் பார்த்தபடி, எதையாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். விருதுநகர் வந்ததும் அவர் விழித்து, "வாரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேகமாக இறங்கிப் போனார்.

ஆவணியில் ஒருநாள் போனில் பேசினோம். தங்கை வீட்டில் வேறொருவரை வைத்துத் தண்ணீர் பார்த்தார்களாம். தாராளமாகப் போடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"எத்தனை கன்னு அக்கா?" என்று கேட்டேன்.

"நானூறு."

அந்த வருடம் மழை எப்படி இருக்கும் என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவருக்குக் கம்பெனி வேன் வந்துவிட்டது.